இரண்டு மாதம் சும்மா இருக்க எவ்வளவு ஆகும்?

கேள்வி: சென்னையில் ஒரு அனிமேஷன் நிறுவனத்தில் ஓவியராக இருக்கிறேன். வயது 37. சம்பளம் மாதம் 1.10 லட்சம். வீட்டுக் கடன் தவணை 28,000. அம்மாவுக்கும் எனக்குமான வீட்டுச் செலவு 30,000. வங்கியில் 6 லட்சம் டெபாசிட் இருக்கிறது, வட்டி வருடத்துக்குச் சுமார் 40,000 வரும். வரைந்து வரைந்து சலித்துவிட்டது. அடுத்த வருடம் சம்பளமில்லா விடுப்பில் இரண்டு மாதம் எந்தத் திட்டமும் இல்லாமல் இருக்க ஆசை. ஒரு மாதம் கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்கலாம், மீதி நாள் போகிறபடி போகட்டும். அலுவலகத்தில் சரி என்கிறார்கள். ‘இரண்டு லட்சத்தை விட்டுவிட்டு உட்காரப் போகிறாயா? ஒரு கோர்ஸாவது படி’ என்கிறார் அண்ணன். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். அண்ணன் சொல்லும் இரண்டு லட்சம் முழுதாக உங்கள் கையை விட்டுப் போகாது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உங்கள் ஆண்டுச் சம்பளம் 13.20 லட்சம். வட்டியைச் சேர்த்து, சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போக, வரிக்குரிய வருமானம் 12.85 லட்சம். புதிய வரி முறையில் இதற்கு செஸ் (வரி மேல் விழும் கூடுதல் வரி) சேர்த்து 75,660 ரூபாய் வரி. ஒரே ஒரு மாதச் சம்பளம் குறைந்தால் வருமானம் 11.75 லட்சமாகிவிடும். 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் அந்த ஆண்டு வரியே கிடையாது.

அதனால் மார்ச், ஏப்ரல் என்று விடுப்பு எடுங்கள். மார்ச் ஒரு நிதியாண்டு, ஏப்ரல் அடுத்தது. இரண்டிலும் வரி மிச்சமானால் 1,51,320 ரூபாய். இழக்கும் சம்பளம் 2.20 லட்சத்தில் உண்மையான இழப்பு 70,000-க்கும் குறைவு. இரண்டு மாதத்தையும் ஒரே நிதியாண்டில் எடுத்தால் இழப்பு 1.44 லட்சம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரலில் சம்பளம் மாதத்துக்கு 2,000 ரூபாய்க்கு மேல் உயர்ந்தால், இரண்டாவது ஆண்டு 12 லட்சத்தைத் தாண்டி வரி மிச்சம் கரைந்துவிடலாம். நல்ல உயர்வு வரும் என்று தெரிந்தால் பிப்ரவரி, மார்ச் என்று வைத்துக்கொள்வதையும் யோசிக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானலில் சீசன். அறை வாடகை ஏறிவிடும், கூட்டமும் தாங்காது. அந்த வகையிலும் முன்னதாகப் போவது நல்லது.

இன்னொன்று, வரி மிச்சம் உடனே கைக்கு வராது. விடுப்பு விஷயத்தைச் சம்பளப் பிரிவில் முன்பே சொன்னால் வரிப் பிடித்தத்தைக் குறைப்பார்கள். இல்லாவிட்டால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் ரீஃபண்ட்.

இரண்டு மாத வீட்டுச் செலவும் தவணையும் 1.16 லட்சம். கொடைக்கானலுக்கு 60,000 என்று வைத்தால் மொத்தம் 1.76 லட்சம். அவசரத் தேவைக்கு ஆறு மாதச் செலவான 3.50 லட்சத்தைத் தொடாமல் வைத்தாலும் டெபாசிட்டில் 2.50 லட்சம் மிஞ்சுகிறது. ஆனாலும் டெபாசிட்டை உடைக்க வேண்டாம். முன்கூட்டியே எடுத்தால் வட்டி குறையும். இப்போதிருந்தே மாதம் 20,000 ரூபாய் ஆர்.டி. (தொடர் வைப்பு) போட்டு வாருங்கள். தவணைப் பணத்தை மட்டும் கிளம்பும் முன்பே கணக்கில் போட்டுவிடுங்கள். மலையில் உட்கார்ந்து வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்துப் பதறக் கூடாது.

கோர்ஸ் விஷயத்தில் அண்ணனோடு எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், சரி. ஆனால் களைத்துப்போன ஒருவருக்குப் பாடத்திட்டமும் பரீட்சையும் இன்னொரு வேலைதான். திரும்பும்போது எத்தனை படம் வரைந்தாய் என்று யாரும் கணக்குக் கேட்கத் தேவையில்லை. ஒரு கோடுகூட இழுக்காமல் வந்தாலும் செலவு வீண் என்று சொல்ல மாட்டேன். பதினைந்து வருடம் இன்னும் உழைக்கப் போகிற கை அது. வெளி வேலை எதையும் அந்த நாட்களில் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓய்வும் கெடும், அந்த வருமானம் 12 லட்சக் கணக்கையும் கெடுக்கும்.

கிளம்பும் முன் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சம்பளமில்லாத மாதங்களில் குழு மருத்துவக் காப்பீடு உங்களுக்கும் அம்மாவுக்கும் தொடருமா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை என்றால் இப்போதே தனியாக ஒரு பாலிசி எடுங்கள். தொடக்கத்தில் சாதாரண நோய்களுக்கு 30 நாள் காத்திருப்பு இருக்கும், கடைசி வாரத்தில் எடுத்துப் பயனில்லை.