ஒரு முறை சிறை, ஒரு முறை சிலை: தளபதி யோர்க்

கேள்வி: மன்னரின் அனுமதி இல்லாமல் தன் இஷ்டத்துக்கு முடிவெடுத்து, அதற்காகவே பின்னாளில் கொண்டாடப்பட்ட ராணுவத் தளபதி வரலாற்றில் யாராவது உண்டா?

உண்டு. பிரஷ்யா என்ற பழைய ஜெர்மானிய அரசின் யோஹான் டேவிட் லுட்விக் யோர்க். 1812 டிசம்பர் 30 அன்று, நெப்போலியனுக்குத் துணையாகப் போயிருந்த பிரஷ்யப் படையை மன்னரைக் கேட்காமலே போரிலிருந்து விலக்கிக்கொண்டு, எதிரியான ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டவர். டௌரோகன் ஒப்பந்தம் என்று பெயர். அந்த ஊர் இன்று லித்துவேனியாவில் இருக்கிறது.

இவரைத் தேசபக்தர், விடுதலை வீரர் என்று எழுதுவது வழக்கம். எனக்கு இவர் மேல் ஈடுபாடு வந்ததற்குக் காரணம் வேறு. கலகம் செய்யக்கூடிய ஆளே இல்லை இவர். பழமைவாதி, சிடுமூஞ்சி, ஒழுங்கு ஒழுங்கு என்று உயிரை வாங்குகிறவர். சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயரே 'கிழட்டு ஓநாய்' என்கிற அர்த்தத்தில்தான் இருந்தது. அப்படிப்பட்டவர் செய்தது என்பதால்தான் அந்தச் செயலுக்கு எடை.

1759இல் போட்ஸ்டாமில் பிறந்தார். அப்பா ராணுவ கேப்டன். 1772இல், பதின்மூன்று வயது வாக்கிலேயே, படையில் சேர்ந்தார். பவேரிய வாரிசுரிமைப் போர் முடிந்த சமயத்தில் முதல் வம்பு. மேலதிகாரி ஒருவர் ஒரு தேவாலயத்தின் பீடத்துணியை அடித்துக்கொண்டு வந்துவிட்டார் என்பது பேச்சு. இளம் யோர்க் அணிவகுப்பில் எல்லார் கண்முன்னும் அந்த ஆளுக்கு மரியாதை தர மறுத்து அவமதித்தார். விஷயம் மாமன்னர் ஃபிரெட்ரிக் வரை போனது. 'போரில் அள்ளியது திருட்டு ஆகாது, யோர்க் எக்கேடோ கெட்டுப் போகட்டும்' என்கிற தொனியில் மன்னர் எழுதிவிட்டார் என்று சொல்வார்கள். வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தானா என்பது இருக்கட்டும், தண்டனை உண்மை: ஒரு வருடம் கோட்டைச் சிறை, படையிலிருந்து நீக்கம். திருடனைத் திருடன் என்றதற்குக் கிடைத்த கூலி.

வேலை போன அதிகாரி டச்சுக்காரர்களிடம் போனார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இன்றைய ஸ்விட்சர்லாந்தின் நெஷாத்தெல் பகுதியைச் சேர்ந்த தெ மெரோன் என்பவர் 1781இல் திரட்டிய கூலிப்படையில் கேப்டன் பதவி. 1783–84இல் கிழக்கிந்தியப் பக்கத்துச் சண்டைகளில் இருந்தார். நம் ஊர் வரலாறு படிப்பவர்களுக்கு இந்த மெரோன் படை பழக்கமான பெயர்தான். 1795இல் இலங்கையில் டச்சுக்காரர்களைக் கைவிட்டு அப்படியே ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்ததும், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்றதும் இதே படைதான். அதற்கு வெகுமுன்பே, 1785 வாக்கில், யோர்க் ஊர் திரும்பிவிட்டார். ஃபிரெட்ரிக் உயிரோடு இருந்தவரை பழைய வேலை கிடைக்கவில்லை. அவர் இறந்த பிறகு 1787இல்தான் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த இருபது வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். போலந்தில் ஒரு போர். பிறகு யேகர் என்ற துப்பாக்கி வீரர் படைக்குப் பொறுப்பு. வரிசையாக நின்று சுடும் பழைய முறையை விட்டு, சிதறி நின்று, மறைந்து, ஒவ்வொருவரும் தானே யோசித்துச் சுடும் முறையைப் பயிற்றுவித்ததில் பிரஷ்யாவில் இவர் முன்னோடி. 1806இல் யேனாவில் நெப்போலியனிடம் பிரஷ்யா நொறுங்கியபோது, ஓடிய படைக்குப் பின்னால் நின்று, ஆல்ட்டன்ட்ஸவுன் என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரர்களைத் தடுத்து, மற்றவர்கள் எல்ப நதியைக் கடக்க அவகாசம் வாங்கிக்கொடுத்தார். அந்தக் கேவலமான மாதத்தில் பிரஷ்யாவுக்கு மிஞ்சிய சில நல்ல செய்திகளில் அது ஒன்று. கொஞ்ச நாளில் லூபெக்கில் பலத்த காயத்தோடு பிடிபட்டார்.

தோல்விக்குப் பிறகு ஷ்டைன், ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசனவ் போன்ற சீர்திருத்தக்காரர்கள் நாட்டையே மாற்றக் கிளம்பினார்கள். பண்ணை அடிமை முறை ஒழிப்பு, பிரபுக்கள் அல்லாதவர்களுக்கும் அதிகாரி பதவி என்று. யோர்க்குக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. 1808 இறுதியில் நெப்போலியனின் நெருக்குதலால் ஷ்டைன் பதவி இழந்தபோது, 'ஒரு பைத்தியக்காரத் தலை நசுங்கிவிட்டது, மிச்சமிருக்கும் பாம்புக் குட்டிகள் தங்கள் விஷத்திலேயே கரைந்துபோகும்' என்று சந்தோஷப்பட்டு எழுதியவர் இவர். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

1812. ரஷ்யா மீது படையெடுத்த நெப்போலியன், பிரஷ்யாவிடமிருந்து 20,000 பேரை வாங்கிக்கொண்டான். தளபதி கிராவெர்ட் உடல்நிலை கெட்டு விலக, பொறுப்பு யோர்க்குக்கு வந்தது. மேலே பிரெஞ்சு மார்ஷல் மக்டொனால்ட். இவர்கள் மாஸ்கோ பக்கம் போகவில்லை, ரீகா பக்கம் வடக்கே இருந்தார்கள். அதனால்தான் பிழைத்தார்கள். டிசம்பரில் நெப்போலியனின் பெரும்படை பனியில் அழிந்துகொண்டிருந்தபோது, கட்டுக்குலையாமல் இருந்த மிகச் சில படைகளில் இது ஒன்று.

பின்வாங்கும்போது மக்டொனால்டுக்கும் யோர்க்குக்கும் நடுவில் டீபிச் என்ற ரஷ்யத் தளபதி வந்து வழியை மறித்தார். இங்கேதான் பலர் கதையை லேசாகத் திருப்பிச் சொல்வார்கள்: யோர்க் சூழப்பட்டார், வேறு வழியில்லை என்று. டீபிச்சிடம் இருந்தது ஆயிரத்துச் சொச்சம் பேர். யோர்க் நினைத்திருந்தால் இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். டீபிச்சுக்கும் அது தெரியும். அதனால் சண்டை போடாமல் பேச ஆள் அனுப்பினார். அனுப்பிய ஆள் யார் தெரியுமா? கிளௌசவிட்ஸ். போரியலில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் அதே கிளௌசவிட்ஸ். நெப்போலியனுக்காகச் சண்டை போட மாட்டேன் என்று பிரஷ்யப் பதவியை உதறிவிட்டு ரஷ்யப் படையில் சேர்ந்திருந்தார்.

டிசம்பர் 29 இரவு நடந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். உள்ளே போனதும் யோர்க் சீறினார்: என் பக்கமே வராதே, உன் கொசாக்குகள் (ரஷ்யக் குதிரைவீரர்கள்) மக்டொனால்டின் கடிதத்தை உள்ளே விட்டுவிட்டார்கள், வந்து சேர் என்று உத்தரவு வந்துவிட்டது, இனி உங்களோடு பேச்சே இல்லை. கிளௌசவிட்ஸ் அசரவில்லை. மெழுகுவர்த்தி கொண்டுவரச் சொல்லுங்கள், இந்தக் கடிதங்களையாவது படியுங்கள் என்றார். ரஷ்யப் பெரும்படை எந்தத் தேதியில் எங்கே வந்து நின்று மக்டொனால்டின் வழியை அடைக்கப்போகிறது என்று ஒரு கடிதத்தில் இருந்தது. யோர்க் படித்துவிட்டுக் கேட்டார்: நீ பிரஷ்யன், சொல், இந்தக் கடிதம் நேர்மையானதா, அந்தத் தேதியில் அந்தப் படை அங்கே இருக்குமா? கிளௌசவிட்ஸ் சாமர்த்தியமாகப் பதில் சொன்னார்: எழுதியவரின் நேர்மைக்கு நான் பொறுப்பு, திட்டப்படி நடக்குமா என்பதற்கு எந்தப் போரிலும் யாரும் பொறுப்பேற்க முடியாது. யோர்க் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டினார். நான் உங்கள் பக்கம், நாளைக் காலை போஷெருன் ஆலையில் சந்திக்கிறேன் என்று டீபிச்சிடம் சொல்.

அங்கிருந்த இளம் குதிரைப்படை அதிகாரி ஒருவரிடம் உங்கள் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க, அவர் குதூகலித்தார். அப்போது யோர்க் சொன்னது: இளவட்டங்களுக்குப் பேசுவது சுலபம், இந்தக் கிழவனின் தலைதான் தோளில் ஆடுகிறது. அவருக்கு அப்போது 53 வயது.

மறுநாள் கையெழுத்து. ஆலையில் கூடிய இரு தரப்பினருமே பிறப்பால் பிரஷ்யர்கள். டீபிச்சே சைலீசியாவில் பிறந்தவர். பிரஷ்யப் படை குறிப்பிட்ட ஒரு எல்லைக்குள் நடுநிலையாக இருக்கும். மன்னர் இதை ஏற்காமல் திரும்ப அழைத்தாலும் 1813 மார்ச் 1 வரை ரஷ்யாவுக்கு எதிராக ஆயுதம் எடுக்காது. அவ்வளவுதான் சாராம்சம். நான் தவறு செய்திருந்தால் என் தலையைத் தங்கள் காலடியில் வைக்கிறேன் என்று யோர்க் மன்னருக்கு எழுதினார். சில நாள் கழித்து எழுதிய இன்னொரு கடிதத்தில், போர்க்களத்தில் குண்டை எதிர்பார்த்து நிற்பது போலவே மரணதண்டனை மேட்டிலும் அமைதியாக நிற்பேன் என்றார். நாடகத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அவரை நிஜமாகவே சுட்டுக் கொன்றிருக்கலாம்தான், அது வெறும் பேச்சு அல்ல.

மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் என்ன நினைத்தார்? ராணுவ அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்பதால் இந்தப் பகுதி எனக்கு ரொம்பவே பரிச்சயம். யோர்க் முன்கூட்டியே ஆள் அனுப்பி, என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தார். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. சூழ்நிலைக்குத் தக்கபடி நடந்துகொள்ளட்டும் என்கிற மாதிரி வாய்வார்த்தைதான். எந்த அலுவலகத்திலும் இதற்கு ஒரே அர்த்தம்: சரியாக வந்தால் நான் சொன்னேன், தப்பாகப் போனால் நீ செய்தாய். மன்னர் ரகசியமாகச் சம்மதித்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். என் அபிப்பிராயம், அவர் சம்மதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பெர்லினில் பிரெஞ்சுப் படை இருந்தது. பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது.

செய்தி வந்ததும் யோர்க் பதவி நீக்கம், ராணுவ விசாரணை என்று அறிவித்தார்கள். உத்தரவைக் கொண்டுபோன அதிகாரியை ரஷ்யர்கள் யோர்க்கிடம் போகவிடவே இல்லை. அதே அதிகாரி ஜார் மன்னரிடம் பேசவும் ரகசியச் செய்தி வைத்திருந்தார். அந்தப் பக்கம் மட்டும் வழி திறந்தது! யோர்க் தன் நீக்கத்தைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டார். பதிலும் பத்திரிகையிலேயே: பிரஷ்யாவில் எந்தத் தளபதிக்கும் செய்தித்தாள் வழியாக உத்தரவு வந்தது கிடையாது, ஆகவே நான் பதவியில் தொடர்கிறேன். விதிமுறைப் புத்தகத்தை வைத்தே விதியை மீறுவதில் இதைவிட நேர்த்தியான உதாரணம் எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் கோனிக்ஸ்பெர்க்கில் கிழக்கு பிரஷ்யப் பிரதிநிதிகள் கூடினார்கள். கூட்டியது ஷ்டைன். ஆமாம், தலை நசுங்கிய அதே ஷ்டைன், இப்போது ஜாரின் அதிகாரப் பத்திரத்தோடு வந்திருந்தார். ஒருவரை ஒருவர் சகிக்க முடியாத இரண்டு பேரும் சேர்ந்து 20,000 பேர் கொண்ட மக்கள் படைக்கு வழி செய்தார்கள். திட்டத்தை வரைந்ததில் கிளௌசவிட்ஸுக்கும் பங்கு உண்டு. மன்னரைக் கேட்காமல் ஒரு மாகாணம் தானே படை திரட்டுகிறது! யோர்க் மாதிரி ஆளுக்கு இது டௌரோகனைவிடக் கசந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் செய்தார். பிப்ரவரி இறுதியில் மன்னர் ரஷ்யாவோடு சேர்ந்தார். மார்ச்சில் யோர்க் குற்றமற்றவர் என்று அறிவிப்பு வந்தது. மார்ச் 17 அன்று ஊரே ஆரவாரிக்க, யோர்க் படையோடு பெர்லினுக்குள் நுழைந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

நெப்போலியனுக்கு எதிரான அடுத்த ஒரு வருடச் சண்டையில் அவர் பிரஷ்யத் தளபதி ப்ளூஹரின் கீழ். காட்ஸ்பாகில் கொட்டும் மழையில் துப்பாக்கி மருந்து நனைந்து, கட்டையாலும் ஈட்டியாலும் அடித்துக்கொண்ட சண்டை. அக்டோபர் 3 அன்று வார்ட்டன்பர்கில் எல்ப நதியைக் கடந்து எதிர்க்கரையைப் பிடித்தார். அந்த ஊர்ப்பெயர்தான் 1814இல் அவருக்குக் கிடைத்த கவுண்ட் என்ற பிரபுப் பட்டத்தில் சேர்ந்தது. லைப்ஸிக் போரின் முதல் நாள் மோக்கர்னில் இவர் படைதான் அதிகம் ரத்தம் சிந்தியது, ஆயிரக்கணக்கில் இழப்பு. இத்தனைக்கும் நடுவே மேலிடத்தோடு ஓயாத சண்டை: வீரர்களைப் பட்டினி போட்டு நடக்கவிட்டுக் கொல்கிறீர்கள் என்று. என்னைக் கேட்டால் பாதி நியாயம், பாதி குணம். 1814 மார்ச்சில் லாவோனில் வென்ற பிறகு கோபித்துக்கொண்டு வண்டியேறிக் கிளம்பியே விட்டார். கண்நோயால் படுத்திருந்த ப்ளூஹர் தன் கையாலேயே எழுதினார்: பழைய தோழரே, இலக்கை நெருங்கும் நேரத்தில் படையை விட்டுப் போகாதீர்கள். திரும்பி வந்தார். பாரிஸ் வாசலில் நடந்த சண்டைதான் அவருடைய கடைசிப் போர்.

1815இல், வாட்டர்லூ வருடத்தில், அவருக்குக் களத்தில் இடமில்லை. பின்னணியில் ஒரு ரிசர்வ் படை கொடுத்தார்கள், போதும் என்று ஒதுங்கிவிட்டார். அந்தக் கோடையில் பிரான்சில் நடந்த சண்டையில் மகன் ஒருவன் காயம்பட்டு இறந்தான். மன்னர் சைலீசியாவில் கிளைன் ஓல்ஸ் பண்ணையைக் கொடுத்தார், 1821இல் ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார், ஆனால் இருவருக்கும் நடுவில் நெருக்கம் வந்ததே இல்லை. தனக்கு முன்னால் சரியாக முடிவெடுத்தவனை எந்த முதலாளிதான் மனசார மன்னிப்பார். 1830இல் இறந்தார். 1855இல் பெர்லினில் சிற்பி ரவுக் வடித்த வெண்கலச் சிலை எழுந்தது. பேத்தோவன் வேறு யாருக்கோ எழுதிய ஒரு ராணுவ அணிநடை இசையும் இவர் பெயரில் ஒட்டிக்கொண்டு இன்றுவரை ஜெர்மனியில் வாசிக்கப்படுகிறது.

டௌரோகன் பெயரைப் பிறகு பல பேர் எடுத்தார்கள். ஸ்டாலின்கிராடில் பிடிபட்ட ஜெர்மன் தளபதி செய்ட்லிட்ஸ், ஹிட்லருக்கு எதிராகச் சோவியத் பக்கம் நின்று பேசியபோது யோர்க்கைத்தான் காட்டினார். பின்னர் கிழக்கு ஜெர்மனி அரசு அதை ரஷ்ய நட்பின் சின்னமாக்கியது, பிரபுக்களின் உரிமைக்காகக் கத்திய மனிதருக்குக் கம்யூனிஸ்ட் பாராட்டு! ஆனால் உங்கள் கேள்வியோடு எனக்கு நேராகப் பொருந்துவது வேறொருவர். யோர்க்கின் எள்ளுப்பேரன் பீட்டர் யோர்க் ஃபான் வார்ட்டன்பர்க், ஹிட்லரைக் கொல்ல 1944 ஜூலை 20இல் நடந்த முயற்சியில் பங்கு கொண்டவர். விசாரணையில், குடிமகனின் மீது அரசு முழு உரிமை கொண்டாடுவதும் கடவுளுக்கு முன் அவனுக்குள்ள கடமையை ஒதுக்குவதும்தான் தன் எதிர்ப்புக்குக் காரணம் என்று சொன்னார். ஆகஸ்ட் 8 அன்று தூக்கிலிட்டார்கள்.