மறு: ‘இனம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

அப்பா மலையகத்து ஹட்டன், அம்மா யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை, நீங்கள் கொழும்புக் கொட்டாஞ்சேனை. மகளின் படிவத்தில் ‘இலங்கைத் தமிழர்’ என்பதா, ‘இந்தியத் தமிழர்’ என்பதா என்று கேட்டிருந்தீர்கள்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அம்மம்மா “சாப்பிட்டியே?” என்பார், அப்பத்தா “சாப்பிட்டியா?” என்பார். இரண்டுக்கும் “ஓம்” சொல்லியே வளர்ந்தேன்.

இந்தப் பிரிவு ஒன்றும் ஆதிகாலத்தது அல்ல. 1911 குடிசன மதிப்பீட்டில்தான் ஆங்கிலேய ஆட்சி தமிழரை இப்படி இரண்டாக எண்ணியது. 1948 குடியுரிமைச் சட்டம் ‘இந்தியத் தமிழர்’ எனப்பட்ட மலையகத்தாரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதனால் வெறும் சொல் என்று தள்ளவும் முடியாது.

ஜமைக்காவில் பிறந்த பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹால், அடையாளம் என்பது இருப்பது மட்டுமல்ல, ஆகிக்கொண்டிருப்பதும்தான் என்றார். சரி, ஆனால் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையே!

நான் ‘இலங்கைத் தமிழர்’ என்றே எழுதினேன். அப்பத்தா கோபிக்கவில்லை, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்.