டெட்ராய்ட்டின் அந்தத் தெருமுனை

இடித்துத் தள்ளிய பிறகும் ஊர் மக்கள் கைவிடாத பழைய மைதானம் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்த ஒன்று உண்டு: அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த டைகர் ஸ்டேடியம் என்ற பேஸ்பால் அரங்கு.

கார் கம்பெனி வேலைக்காக 2011-இல் மிச்சிகன் போனேன். பேஸ்பாலில் அப்போது அரிச்சுவடிகூடத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்த்த பெரியவர் மிச்சிகன் அவென்யூவும் டிரம்புல் தெருவும் சேரும் முனைக்கு என்னைக் கூட்டிப் போனார். அரங்கை 2009-லேயே இடித்து முடித்திருந்தார்கள். வேலிக்குள் காலி நிலமும் பழைய கொடிக்கம்பமும்தான் மிச்சம். ஐந்தாறு பேர் வீட்டிலிருந்து கொண்டுவந்த இயந்திரங்களால் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பந்து வீசும் மேட்டை மண் போட்டுத் தட்டிச் சரிசெய்தார். யாருக்கும் சம்பளம் கிடையாது. 2010-இல் ஆரம்பித்தபோது, அத்துமீறி நுழைந்ததாகச் சொல்லி போலீஸார் விரட்டியிருக்கிறார்கள். இவர்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். பெரியவர் களை பிடுங்க உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

அந்த முனையில் 1896 முதலே ஆட்டம் நடந்தது. கான்கிரீட்டும் இரும்புமாக எழுந்த அரங்கு 1912 ஏப்ரல் 20 அன்று, நேவின் ஃபீல்ட் என்ற பெயரில் திறந்தது. டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் நட்சத்திரம் டை காப் மெதுவாகத் தட்டிவிடும் பந்து உருண்டு ஓடாமல் நிற்க, பந்தை அடிப்பவர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்கு முன்னால் தண்ணீர் விட்டு மண்ணைச் சேறாக்கி வைப்பார்களாம். புகழ்பெற்ற ஆட்டக்காரர் பேப் ரூத் தன் 700-ஆவது ஹோம் ரன்னை (பந்தை வேலிக்கு அப்பால் அடித்து எடுக்கும் ஓட்டம்) 1934-இல் அடித்தது இங்கேதான். தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடிய நியூயார்க் யாங்கீஸ் அணி வீரர் லூ கெரிக், 1939 மே 2 அன்று தானாகவே ஒதுங்கி உட்கார்ந்ததும் இங்கேதான். அதைச் சொல்லும்போது பெரியவர் களை பிடுங்குவதை நிறுத்திவிட்டார்.

எனக்குப் பிடித்தது அரங்கின் அமைப்பு. பார்வையாளர்கள் உட்காரும் வலப்பக்க மேல்தட்டு, கீழ்த்தட்டைத் தாண்டி மைதானத்துக்குள் சுமார் 10 அடி நீட்டிக்கொண்டிருந்தது. கீழே மைதானத்தில் ஆட்டக்காரர் ஒருவர் பந்தைப் பிடிக்கத் தயாராகக் கையை உயர்த்தி நிற்பார். பந்து மேல்தட்டில் விழுந்து ஹோம் ரன் ஆகிவிடும்! தூண்கள் சிலருக்குப் பார்வையை மறைத்தது உண்மைதான். ஆனால் அந்தத் தூண்கள் தாங்கியதால்தான் மேல்தட்டுக்காரர்கள் அவ்வளவு கிட்டத்தில் உட்கார முடிந்தது. தூணே இல்லாமல் கட்டும் இன்றைய அரங்குகளில் மேல்தட்டு எங்கேயோ தள்ளிப் போய்விடுகிறது. 125 அடி உயரக் கொடிக்கம்பம் வேலிக்கு உள்ளே, ஆடுகளத்திலேயே நின்றது. பந்து அதில் பட்டாலும் ஆட்டம் தொடரும்.

கடைசி ஆட்டம் 1999 செப்டம்பர் 27. அப்புறம் டைகர்ஸ் அணி புது அரங்குக்குப் போய்விட்டது.

2018-இல் அதே இடத்தில் சிறுவர்களுக்கான மைதானம் திறந்தார்கள். புல்லுக்குப் பதில் செயற்கைத் தரை போட்டதில் புல் வெட்டியவர்களுக்கு மிகுந்த வருத்தம். எனக்கும்தான். ஆனால் அடுத்த வருடம் பெரியவரோடு போனபோது, பத்து வயதுப் பையன் ஒருவன் மட்டையோடு நின்றிருந்தான். பெரியவர் வேலியைப் பிடித்தபடி, "காப் நின்ற அதே இடம்" என்றார். தூரத்தில் அந்தப் பழைய கம்பத்தில் கொடி பறந்துகொண்டிருந்தது.