ஒரே முகவரி, இரண்டு பதில்: லினக்ஸ் கெர்னலில் விஎம்ஏ தேடல் – கேள்வி பதில்

சார், ஒரே முகவரிக்கு ஃபைண்ட்_விஎம்ஏ ஒரு விஎம்ஏ (புராசஸின் நினைவகத்தில் தொடர்ச்சியான ஒரு முகவரிப் பகுதி) தருகிறது, விஎம்ஏ_லுக்கப் நல் (வெற்றுச் சுட்டி) தருகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். கேட்கும் கேள்விதான் வேறு. ஃபைண்ட்_விஎம்ஏ தருவது, முடிவு எல்லை நம் முகவரியைவிடப் பெரிதாக உள்ள முதல் விஎம்ஏ. முகவரி அதற்குள் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. 8192 முதல் 12288 வரை ஒரு விஎம்ஏ இருக்கிறது, அதற்குக் கீழே வெற்றிடம் என்று வையுங்கள். 5000-ஐக் கொடுத்தாலும் இந்த விஎம்ஏதான் வரும். "நல் இல்லையே, சரி" என்று 5000-லிருந்து 8192-ஐக் கழித்து ஆஃப்செட் போடுகிறது டிரைவர். குறை எண் இல்லாத அன்சைன்ட் கணக்கில் அது ராட்சத எண்ணாகிவிடும்.

தொடக்க எல்லையைச் சரிபார்க்கும் அந்த ஒரு வரியைப் பலரும் மறந்ததால்தான் லினக்ஸ் 5.14-இல் (2021) விஎம்ஏ_லுக்கப் வந்தது. புதிய கோடில் அதையே எழுதுங்கள். ஸ்டாக் விரிவாக்கம் போல "அடுத்து மேலே என்ன இருக்கிறது" என்பது உண்மையிலேயே தேவைப்படும் இடத்துக்கு மட்டும் ஃபைண்ட்_விஎம்ஏ.

6.1-க்கு மாறிய பிறகு, வரம்புத் தேடலில் பக்கத்து விஎம்ஏவும் சேர்ந்து வருகிறது அண்ணா.

6.1-இல் (டிசம்பர் 2022) விஎம்ஏக்களைத் தேட வைத்திருந்த சிவப்பு-கருப்பு மரம், லிங்க்டு லிஸ்ட், விஎம்ஏ கேஷ் மூன்றும் போய், வரம்புகளைச் சேமிக்கும் மர வடிவக் கட்டமைப்பான மேப்பிள் ட்ரீ வந்தது. மேப்பிள் ட்ரீயில் வரம்பின் கடைசி எண்ணும் வரம்புக்குள் சேர்த்தி. விஎம்ஏவின் முடிவு எல்லையான விஎம்_எண்ட் அப்படியில்லை, அது விஎம்ஏவுக்கு வெளியே முதல் பைட். அதை அப்படியே கொடுத்தால் ஒட்டியிருக்கும் அடுத்த விஎம்ஏவும் சிக்கும். ஒன்றைக் கழித்துக் கொடுங்கள். இன்னொன்று, மேப்பிள் ட்ரீயில் தேடும் எம்டி_ஃபைண்ட் நீங்கள் தந்த இண்டெக்ஸையே நகர்த்திவிடும். அதே மாறியை அடுத்த தேடலுக்குக் கொடுத்தால் பதில் மாறத்தான் செய்யும்.

ஒரே ஃபங்ஷன், ஒரே முகவரி. லோடு ஏறினால் மட்டும் பதில் மாறுகிறது.

பூட்டைப் பாருங்கள். புராசஸின் விஎம்ஏக்களைக் காக்கும் பூட்டான எம்மேப்_லாக்கை விட்ட கணமே கையிலுள்ள விஎம்ஏ சுட்டி செல்லாது. பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: பேஜ் ஃபால்ட் (நினைவகத்தில் இன்னும் தயாராக இல்லாத பக்கத்தைத் தொடுவது) கையாளும் ஃபங்ஷன் விஎம்_ஃபால்ட்_ரீட்ரை என்று திரும்பினால், பூட்டு ஏற்கெனவே விடப்பட்டுவிட்டது. மறுபடி பூட்டி, மறுபடி தேட வேண்டும். பழைய சுட்டியோடு தொடர்ந்தால் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வெடிக்கும் பக் கிடைக்கும்; அதைவிடக் கொடுமை வேறில்லை.

பூட்டு இருந்தும் ஏமாந்த கதைதான் ஸ்டாக்ராட் என்ற பாதுகாப்பு ஓட்டை (சிவிஇ-2023-3269). 6.1 முதல் 6.4 வரை, ஸ்டாக்கை விரிவாக்கும்போது கெர்னல் எம்மேப்_லாக்கைப் படிக்கும் நிலையில் மட்டுமே வைத்திருந்தது. பழைய மரத்தில் எல்லை எண்ணை மாற்றினால் போதும் என்பதால் அது பொருந்திற்று. மேப்பிள் ட்ரீயிலோ ஒரு கணுவே மாற்றப்பட்டு, பழையது ஆர்சியு (தாமதித்து விடுவிக்கும் முறை) வழியாக விடுவிக்கப்படலாம். அதே படிப்புப் பூட்டோடு தேடிக்கொண்டிருந்த இன்னொரு த்ரெட், விடுவிக்கப்பட்ட கணுவில் நின்றது. இப்போது விரிவாக்கத்துக்கு எழுதும் பூட்டு கட்டாயம். அதற்காகவே லாக்_எம்எம்_அண்ட்_ஃபைண்ட்_விஎம்ஏ வந்தது. தரவுக் கட்டமைப்பை மாற்றும்போது பூட்டு விதியையும் மறுபடி கேட்காமல் விட்டதுதான் வேர் என்பேன்.

ஆர்ம்64 போனில், மேலாக் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) தந்த முகவரிக்கே நல் வருகிறது!

சுட்டியின் மேல் பைட்டில் டேக் (கூடுதல் அடையாள எண்) இருக்கும். டேக்கோடு தேடினால் எல்லா விஎம்ஏவையும் தாண்டிய எண்ணாகத் தெரியும். அன்டேக்டு_அட்ரஸ் போட்டு டேக்கை நீக்கிவிட்டுத் தேடுங்கள்.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்திலும் தேடல் இப்படித்தானா?

நேர் எதிர். விஎம்_மேப்_லுக்கப்_என்ட்ரி, முகவரி எதிலும் இல்லையென்றால் முந்தைய என்ட்ரியை (அங்கே விஎம்ஏவுக்கு இணையானது) தரும். ஆனால் உள்ளே இருக்கிறதா என்பதைத் தனியாக ஆம்/இல்லை என்று சொல்லிவிடும். எனக்கு அந்த வடிவமே பிடிக்கும்.

எங்கிருந்து டீபக் தொடங்குவது?

முதலில் கெர்னலின் அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்கேயைச் சந்தேகியுங்கள். 4.15 முதல் சாதாரண சுட்டி ஃபார்மேட் ஹேஷ் செய்த மதிப்பைத்தான் அச்சிடுகிறது. அதை விஎம்ஏக்களைப் பட்டியலிடும் பிராக் மேப்ஸ் கோப்போடு ஒப்பிட்டு "தேடல் தப்பு" என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. எல்லைகளை முழு எண்ணாக, பதினாறடிமானத்தில் அச்சிடுங்கள்.

பிறகு கான்ஃபிக்_ப்ரூவ்_லாக்கிங், கான்ஃபிக்_டீபக்_விஎம், கான்ஃபிக்_டீபக்_விஎம்_மேப்பிள்_ட்ரீ, கேசான் (நினைவகப் பிழை கண்டறியும் கருவி) என்ற நான்கு சோதனை அமைப்புகளையும் போட்டு பில்ட் செய்யுங்கள். இரண்டு தேடலையும் ஒரே பூட்டுக்குள், அடுத்தடுத்து அழையுங்கள். அப்போதும் முரண் வந்தால், கேட்ட முகவரியை விஎம்ஏவின் தொடக்க எல்லையான விஎம்_ஸ்டார்ட்டோடு ஒப்பிடுங்கள். முகவரி அதைவிடச் சிறியதென்றால் முதல் கேள்விக்கான பதிலுக்கே போய்விடலாம். மரமே கெட்டிருந்தால் அதைச் சரிபார்க்கும் வேலிடேட்_எம்எம் தானே கத்தும்.