வெளிச்சம் கேளுங்கள்: அப்பாவின் டார்ச்சை மாற்றலாமா?

கேள்வி: ஐயா, பாலிக் புலாவில் எங்களுக்குச் சின்னதாக ஒரு டுரியான் தோட்டம் இருக்கிறது. அப்பா வைத்திருந்த ஃபீனிக்ஸ் டிகே75 டார்ச்சைத்தான் இன்னமும் இரவில் பழம் பொறுக்கக் கொண்டுபோகிறேன். பெட்டியில் 2600 லூமன் (டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் அதே மாடலின் 2018 பதிப்பை விற்கிறார். 5100 லூமனாம், இரண்டு மடங்கு வெளிச்சம் என்கிறார். அப்பாவுடையது இப்போது பத்து நிமிடத்திலேயே மங்கிவிடுகிறது. மாற்றட்டுமா?
(வாசகர், பாலிக் புலாவ்)

பதில்: தம்பி, பத்து நிமிடத்தில் மங்குகிறது என்று கடைசியில் எழுதினீர்களே, அதை முதலில் பார்ப்போம். பெரும்பாலும் அது டார்ச்சின் குறை இல்லை. உள்ளே இருக்கும் நான்கு 18650 பேட்டரிகளுக்கு வயதாகிவிட்டது. அப்பா வாங்கிய நாளிலிருந்து அதே நான்குதான் இருக்கிறதென்றால், அவை இத்தனை வருடம் உழைத்ததே பெரிது. நான்கையும் ஒரே நேரத்தில், ஒரே பிராண்டில், ஒரே அளவில் மாற்றுங்கள். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று கலக்கவே கூடாது. புதியதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பழையது சூடாகும், சில சமயம் கசியும். மூடியின் திருகுமறையை உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு சிலிகான் கிரீஸ் தடவுங்கள். லெபோ பாசாரில் முப்பது வருடம் கடை வைத்திருந்தேன். "டார்ச் செத்துப்போச்சு" என்று கொண்டுவந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்தது இந்த வேலைதான்.

பேட்டரி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 18650 என்பது 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை. அந்த அளவுக்குள் நல்ல கம்பெனிகள் கொடுப்பது 3500 மில்லியாம்பியர்-மணி (பேட்டரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு) வாக்கில்தான். ஒருமுறை பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 9800 என்று அச்சடித்த நான்கை நான் ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். வீட்டில் அளந்து பார்த்தால் 1100ஐக்கூட எட்டவில்லை. அந்த இரவு பழம் பொறுக்கும்போது பாதிவழியில் அணைந்துபோய், போன் வெளிச்சத்தில் சரிவு இறங்கினேன். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இருட்டில் காலை உடைத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் யாரும் இப்படி ஏமாறக்கூடாது.

சரி, இப்போது பதிப்புகளுக்கு வருவோம். டிகே75 முதலில் வந்தபோது 2600 லூமன். 2015 பதிப்பு 4000. 2018 பதிப்பு 5100. முதல் பதிப்பில் மூன்று எல்இடி, 2018இல் நான்கு. பெட்டியில் போட்ட தூரம் முதல் பதிப்புக்கு 606 மீட்டர், 2018க்கு 850 மீட்டர். லூமன் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆயிற்று. தூரம்? 606ஐ 1.4 ஆல் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 850 வந்துவிடும். இரண்டின் வர்க்கமூலம் 1.4 தானே! வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், இரண்டு மடங்கு தூரம் வேண்டுமென்றால் ஒரே மாதிரியான கதிரில் நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும்.

அந்த 850 மீட்டருமே எதைச் சொல்கிறது தெரியுமா? அவ்வளவு தூரத்தில் போய் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு), அதாவது பௌர்ணமி நிலா தரையில் விழுவதைப் போல. அங்கே ஒருவர் நின்றால், உங்கள் கண்ணுக்கு மங்கலான நிழலாகத் தெரிந்தாலே பெரிது. பழம் தெரிவதற்கு எவ்வளவு தூரம் தேவை? உங்கள் மரங்கள் பத்து, இருபது மீட்டருக்குள்ளே.

போன சீசனில் ஒரு நண்பர் தன் 2018ஐக் கொண்டுவர, என் பழைய 2600ஐயும் எடுத்துக்கொண்டு மைத்துனர் தோட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பார்த்தோம். மேலே சரிவில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் 2018 கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டு மடங்கு என்று கண்ணுக்குத் தோன்றவே இல்லை. நம் கண்ணின் கணக்கே அப்படி. சில நிமிடத்தில் அந்த 2018 சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொண்டது. நம் பினாங்கு இரவின் புழுக்கத்தில் இது சீக்கிரமே நடக்கும். அதனால் பெட்டியில் உள்ள பெரிய எண்ணைவிட, நடுவிலுள்ள அளவில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பாருங்கள். அந்த மணி நேரமும், தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எண்ணுவதுதான் வழக்கம்.

விடியற்காலைப் பனிமூட்டத்தில் பெரிய வெளிச்சம் இன்னும் மோசம். மூட்டத்தில் பட்டுத் திரும்பி வந்து உங்கள் கண்ணையே கூசச் செய்யும். அப்போது குறைத்து வையுங்கள், தரை நன்றாகத் தெரியும்.

2018இல் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கேபிள் செருகி டார்ச்சிலேயே சார்ஜ் ஏற்றலாம். தோட்டக் குடிசையில் கரண்டு இருந்தால் அது பெரிய வசதி. அதற்காக மட்டும் மாற்றுவதாக இருந்தால் சரி. வெளிச்சத்துக்காக என்றால் வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல பேட்டரி நான்கும் ஒரு சார்ஜரும் வாங்குங்கள். அப்பாவின் டார்ச் இன்னும் பல சீசனுக்கு வரும்.

கேள்வி: சென்னைக்குப் போகிறேன் ஐயா. டார்ச்சின் தனி பேட்டரிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பலாமா?
(வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: கூடாது அம்மா. தனியாக எடுத்துப்போகும் லித்தியம் பேட்டரி கையோடு வைத்திருக்கும் பையில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் டப்பாவில் தனித்தனியாக வையுங்கள். சாவி, சில்லறை பட்டால் தீப்பிடிக்கலாம். 3500 மில்லியாம்பியர்-மணி அளவுள்ள ஒன்று சுமார் 12.6 வாட்-மணி (பேட்டரியில் உள்ள சக்தியின் அளவு). விமானத்தில் 100 வரை பிரச்சினை இல்லை.

கேள்வி: தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும்போது மகன் 100,000 லூமன் டார்ச் கொண்டுபோக ஆசைப்படுகிறான். வாங்கித் தரலாமா?
(வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: அப்படி ஒன்று இருக்கிறது, இமாலென்ட் எம்எஸ்18. 18 எல்இடி, உள்ளே விசிறிகூடச் சுழலும். ஆனால் நெருங்கி நின்று அதை ஒருவர் முகத்தில் அடித்தால் கண்ணுக்கு ஆபத்து. படிகளில் குழந்தைகளும் காவடி எடுப்பவர்களும் நெருக்கியடித்து ஏறுவார்கள். அந்த 513 படிக்கும் 300 லூமனே தாராளம். கதிரைக் கீழே, தன் காலடிக்குப் பிடிக்கச் சொல்லுங்கள்.