புது வேப்பமரக் கதவு மழைக்காலத்தில் ஏன் இறுகிக்கொள்கிறது?

மரம் சரியாகக் காயாமலே வேலைக்கு வந்திருக்கும். அறுத்த பலகைகளை இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரக்குச்சி) கொடுத்து நிழலில் காற்றாட அடுக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. இப்போது யார் காத்திருக்கிறார்கள்!

சரி, நன்றாகக் காய்ந்த மரமும் மழையில் ஈரம் இழுக்கத்தான் செய்யும். அகலவாக்கில்தான் உப்பும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால்தான் கதவு பக்கவாட்டில் நிலையோடு உரசுகிறது.

உடனே இழைத்துவிடாதீர்கள், கோடையில் இடைவெளி விழும். வெயில் வந்து காய்ந்ததும் கதவைக் கழற்றிக் கீழ்விளிம்பைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே வார்னிஷே பட்டிருக்காது. கதவின் நெட்டுச் சட்டம் அங்கேதான் முடிகிறது, அந்த வெட்டுமுனைதான் ஈரத்தை அதிகம் உறிஞ்சும். உப்புத்தாளால் தேய்த்து, மேல், கீழ் விளிம்புகளுக்கும் இரண்டு கோட்டிங் அடியுங்கள். தேக்கில் இந்தத் தொல்லை குறைவு, விலைதான் கடிக்கும்.