அதட்டிய கூட்டத்தில் நான்

அன்புள்ள ஐயா,

தினமும் செபமாலை சொல்கிறேன். வாய் சொல்கிறது, மனம் அடுப்படியில் இருக்கிறது. தவக்காலத் தியானத்தில் அருட்தந்தை ஒருவர், "நற்செய்திக் காட்சிக்குள் நீங்களே போய் நில்லுங்கள்" என்றார். முயன்றேன். இயேசு பேசுவதாக நானே வசனம் எழுதிக்கொள்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் நியாயமானது. இந்தச் செபமுறையைப் பரப்பிய புனித இஞ்ஞாசியாரின் நோய்ப்படுக்கையிலேயே அதற்கு விடை இருக்கிறது. 1521இல் ஸ்பெயினில் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, சொந்த ஊரான லொயோலாவில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். பொழுதுபோக்கு கற்பனைதான். உயர்குலப் பெண் ஒருத்திக்காக வீரச்செயல்கள் புரிவதாக மணிக்கணக்கில் கனவு காண்பார். கையில் கிடைத்த கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர் கதைகளையும் படித்துவிட்டு, அவர்களைப் போல வாழ்வதாகவும் காண்பார். இரண்டுமே இனித்தன. முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டுபோனது. அடுத்தது கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. அந்த வித்தியாசத்தை அவர் பிடித்துக்கொண்டார். செபம் முடிந்து எழுந்த பிறகு மனதில் என்ன தங்குகிறது என்று நீங்களும் பாருங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரம், வழியோரம் உட்கார்ந்து இயேசுவைக் கூவி அழைத்த பர்த்திமேயு. அந்தப் பார்வையற்றவராக நான் உட்காருவது என்றுதான் ஆரம்பித்தேன். எரிகோ சாலை, புழுதி, வியர்வை ஊறிய மேலுடையின் வாடை. "தாவீதின் மகனே!" என்ற கத்தல் கேட்டது. கத்தியது நான் இல்லை. "பேசாம இரு" என்று அவரை அதட்டிய கூட்டத்தில் நின்றிருந்தேன். கடைசி மாதங்களில் என் அப்பா ராத்திரி முழுக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள் அவரிடம் அதே சொல்லைச் சொன்னேன். சாலையில் இயேசு நின்றார். "அவரைக் கூப்பிடுங்கள்" என்று எங்களிடம்தான் சொன்னார். அதட்டிய நானே போய், அந்தத் தோளைத் தொட்டு, "எழுந்து வாங்க" என்று சொல்லவேண்டியிருந்தது. நெடுநேரம் அழுதேன். அந்த வசனத்தை நான் எழுதவில்லை, சகோதரி. எழுதியிருந்தால் எனக்கு வசதியாக எழுதியிருப்பேன்.

சரி, எப்படித் தொடங்குவது? சின்னப் பகுதியை இரண்டு முறை வாசித்துப் புத்தகத்தை மூடிவிடுங்கள். முதலில் இடம். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகும் வழி சமதரையா, மேடு பள்ளமா என்று பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். கிறிஸ்துமஸ் குடிலில் மாடு எங்கே, வைக்கோல் எங்கே என்று பிள்ளைகள் சண்டை போடுவார்களே, அதே வேலைதான். அப்புறம் அங்கே ஒரு சின்ன வேலை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நண்பரிடம் பேசுவதுபோல் இயேசுவிடம் பேசிவிட்டு, 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' சொல்லி முடியுங்கள்.

படம் தெளிவாக வராவிட்டால் கவலை வேண்டாம். தமக்குக் கற்பனை சுத்தமாக வராது என்று எழுதியவர் ஸ்பெயின் நாட்டுத் துறவி, புனித அவிலா தெரேசா. அவரும், பாடுகளுக்கு முந்தின இரவில் இயேசு வியர்த்து வேதனைப்பட்ட கெத்சமனித் தோட்டத்தில் அவர் பக்கத்தில் இருந்து, அந்த வியர்வையைத் துடைக்க ஆசைப்பட்டார்.

மனம் அடுப்படியில் இருக்கிறது என்றீர்களே, அங்கேயே இருக்கட்டும். இன்று லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரம், இயேசு விருந்துக்கு வந்திருக்க, வேலையில் மூழ்கிய மார்த்தாவின் வீடு. அடுப்பில் ஏதோ கொதிக்கிறது, கூடத்தில் இயேசுவின் குரல் கேட்கிறது. என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.